கட்டத்துக்குள் அடங்காத சொல்

அந்த வீட்டில் அவளுக்குச் 'சான்றிதழ்' என்று பெயர். வைத்தவள் நாத்தனார். காரணம் இல்லாமல் வைக்கவில்லை. கடையிலிருந்து வரும் எந்தப் பொட்டலத்தையும் அவள் அப்படியே அடுப்படிக்குள் விட்டதில்லை. திருப்பிப் பார்ப்பாள். பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் அச்சடித்திருப்பதை வரி விடாமல் வாசிப்பாள். பரிசோதனை எண்ணைத் தேடுவாள். எண் இல்லையென்றால் கீழுதட்டைப் பிதுக்கி ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பிறகு அந்தப் பொருளை வாயில் வைக்க யாருக்கும் மனம் வராது.

"அண்ணி, இந்தத் தண்ணிக்குச் சான்றிதழ் இருக்கா? குடிக்கலாமா?" என்று நாத்தனார் டம்ளரைத் தூக்கிக் காட்டிக் கேட்பாள்.

அவள் சிரிக்கமாட்டாள். விவரம் கெட்டவர்கள் நடுவில் வாழ்க்கைப்பட்டுவிட்டோமே என்று நினைத்துக்கொள்வாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவள் உண்டானாள். அதன் பிறகு கேட்கவே வேண்டாம். தெருவில் விற்பதைத் தொடுவதில்லை, அக்கம்பக்கத்தார் கொடுப்பதை வாங்குவதில்லை. பக்கத்து வீட்டம்மா ஆசையாக எதையாவது கிண்ணத்தில் போட்டு நீட்டினால், "வச்சுட்டுப் போங்கக்கா" என்று வாங்கி, அந்தம்மா தலை மறைந்ததும் குப்பைக்கூடையில் கவிழ்ப்பாள். ஏழு வருஷம் எத்தனை ஆஸ்பத்திரிப் படி ஏறி இறங்கி வந்த பிள்ளை. ஊரில் உள்ளவர்களின் கைப்பக்குவத்துக்கு அதைப் பலி கொடுக்க அவள் தயாராக இல்லை.

அவளுக்கு அந்தத் திமிர் வந்த இடம் அவள் வேலை பார்த்த உணவுப் பரிசோதனைக் கூடம். டயர் கடைக்கு மேலே இரண்டு மாடி. கீழ் மாடியில் மாதிரிகளை அரைக்கும் இயந்திரம், தராசு, வடிகட்டும் குழாய்கள். மேல் மாடியில் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மெஷின், அதை இயக்க ஒரு மெஷின் அண்ணன். மாடிப்படியை ஒட்டி அவள் மேஜை, கணினி, அச்சு இயந்திரம். கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு பொருளிலும் இரண்டிரண்டு டின் அனுப்புவார்கள். ஒன்றைத் திறந்து அரைத்து, கரைத்து, வடித்து மெஷினுக்குள் விடுவார்கள். உள்ளே ஒரு விளக்கு எரியும். பூஞ்சை பிடித்த கடலையிலோ சோளத்திலோ ஊறும் நஞ்சு அந்த வெளிச்சம் பட்டால் மினுங்கும். மினுங்கலை மெஷின் அளந்து எண்ணாகச் சொல்லும். எண்ணை மெஷின் அண்ணன் நோட்டில் பென்சிலால் எழுதுவார். நோட்டைப் பார்த்து இவள் சான்றிதழை அச்சடிப்பாள். மேலாளர் கையெழுத்துப் போடுவார், பெரும்பாலும் போனில் பேசிக்கொண்டே.

அந்த மேலாளரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவருக்கு அலுவலகத்தில் 'ஓடுதுல்ல' என்று பெயர். மின்விசிறி கடகடவென்று ஆடுகிறது, கழன்று தலையில் விழப்போகிறது என்று போய்ச் சொன்னால், "ஓடுதுல்ல?" என்பார். அச்சு இயந்திரம் பாதி எழுத்தைத் தின்கிறது என்றால், "ஓடுதுல்ல?" என்பார். ஓடுகிற எதையும் பழுது பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஓடாமல் நின்றுவிட்டால், நேற்றுவரை ஓடியதே என்று நம்மையே குற்றவாளி மாதிரி பார்ப்பார்.

திறக்காத இரண்டாவது டின்களை மூன்று மாதம் அலமாரியில் வைத்திருப்பார்கள். எந்தக் கம்பெனியும் சண்டைக்கு வராவிட்டால், தேறிய பொருளின் டின்னை ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், தேறாதது எரிகுழிக்குப் போகும். அது அங்கே எழுதாத சட்டம். அப்படித்தான் 'தாய்மார் சத்துப்பொடி' அவள் வீட்டுக்கு வந்தது. நிலக்கடலை, மக்காச்சோளம், பால்பொடி கலந்தது. மூடியில் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பொடிக்கு நஞ்சு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அச்சடித்ததே இவள்தான். இதைவிட நம்பிக்கையான பண்டம் உலகத்தில் எங்கே கிடைக்கும்? மூன்றாவது மாதத்திலிருந்து காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர், பாலில் கலந்து குடித்தாள். கூட வேலை பார்த்தவர்கள், பாவம் பிள்ளைத்தாய்ச்சி என்று, தங்கள் பங்கு டின்களையும் அவளுக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

அவள் புருஷன் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல்காரன். தினமும் நானூறு பேருக்கு ஆக்கிப்போடுகிறவன். இரண்டாவது டின்னைத் திறந்த அன்று அவன் குனிந்து ஒரு முறை முகர்ந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்து முகர்ந்தான்.

"நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குது."

"சத்துப்பொடின்னா அப்படித்தான் இருக்கும்."

"இல்ல, இது பழைய கடலை. எங்க கேன்டீன்ல இந்த வாடை வந்தா மூட்டையோட திருப்பி அனுப்பிடுவேன்."

அவள் கீழுதட்டைப் பிதுக்கினாள். "அந்த ரூம் நிறைய அடைச்சுக்கிட்டு நிக்குதே மெஷின், அதுக்கே ஒண்ணும் தெரியலையாம். உங்க மூக்குக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"நான் வாடைதான் சொன்னேன்."

"மூக்கை எல்லாம் நம்பித்தான் ஊர்ல பாதிப் பேரு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அலையறான். தாளை நம்புங்க."

அவன் டின்னை மூடி வைத்தான். பெண்டாட்டி படித்தவள், தான் கரண்டி பிடிக்கிறவன் என்ற கூச்சம் அவனுக்கு எப்போதும் உண்டு. அந்தக் கூச்சத்தைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் அவளேதான்.

இனி அந்த 'இல்லை' வந்த கதை. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை சான்றிதழில் அந்தச் சொல் கிடையாது. நஞ்சு தென்படாவிட்டால் மெஷின் அண்ணன் நோட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதுவார், அவளும் அதையே அச்சடிப்பாள். சிக்கல் என்னவென்றால், படிவத்தில் முடிவுக்கு விட்டிருந்த கட்டம் ஒன்றரை விரல் அகலம். எண்கள்தான் வரும் என்று நினைத்து எந்தப் புண்ணியவானோ கோடு போட்ட கட்டம். பதினோரு எழுத்துச் சொல் அதற்குள் அடங்குமா? கணினி தன் இஷ்டத்துக்கு ஒடித்துவிடும். மேல் வரியில் 'கண்டறியப்பட' என்று நிற்கும். கீழ் வரியில் 'வில்லை' என்று தனியாக உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாள் பிஸ்கட் கம்பெனி முதலாளி போன் செய்தார். "ஏன் சார், எங்க பிஸ்கட்ல ஏதோ கண்டறியப்பட்டு, அதுக்கு ஒரு வில்லையும் போடணும்னு எழுதியிருக்கீங்களே, எந்த வில்லை? மெடிக்கல்ல கேட்டா கிடைக்குமா?" இன்னொரு கம்பெனிக் கணக்கர் மேல் வரியை மட்டும் படித்துவிட்டு, ஐயோ நஞ்சு கண்டறியப்பட்டுவிட்டது என்று சரக்கு ஏற்றிய லாரியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார். இப்படிப்பட்டவர்கள்தான் நாம் சாப்பிடுவதைத் தயாரிக்கிறார்கள்.

ஓடுதுல்ல அன்று தலையில் கை வைத்துக்கொண்டார். கட்டத்தைப் பெரிதாக்கினால் தாள் இரண்டு பக்கத்துக்குப் போகும், எழுத்தைச் சிறிதாக்கினால் கம்பெனிக்காரர்களுக்குச் சந்தேகம் வரும். அப்போது அவள்தான் சொன்னாள்.

"சார், 'இல்லை'ன்னு போட்டுடலாமே. மூணே எழுத்து."

மேலாளருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. மெஷின் அண்ணன் மட்டும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். "ரெண்டும் ஒண்ணு இல்லையேம்மா" என்றார், தனக்குத்தானே பேசுவது போல.

"யாருண்ணே அவ்வளவு நுணுக்கமாப் பாக்கப்போறா?"

"அதுவும் சரிதான். நோட்டுல நான் சரியாத்தான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டுத் தன் கூண்டுக்குப் போய்விட்டார். உண்மையைப் பென்சிலால் எழுதி மூடி வைத்துவிட்டால் தன் கடமை முடிந்தது என்று நினைக்கிற ரகம். தாளின் அடியில் 'கண்டறியும் எல்லை இவ்வளவு' என்று ஒரு வரி வரும். அதுவும் இடத்தை அடைக்கிறது என்று அவள் அதே கையோடு அதையும் எடுத்துவிட்டாள். ஆண்டு விழாவில் மேலாளர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, அலுவலகத்தின் பெரிய தலைவலியைத் தீர்த்தவள் என்று பாராட்டி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். அதை அவள் மேஜைக்கு நேர் மேலே மாட்டிக்கொண்டாள்.

இருபதாவது வாரத்தில் முதல் பெரிய ஸ்கேன். ஸ்கேனும் பிரசவமும் பார்க்கிற டாக்டரம்மா அதிகம் பேசாதவர். தாளில், 'குறைபாடு எதுவும் கண்டறியப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். அவள் வீட்டுக்கு வந்து அத்தனை பேருக்கும் போன் போட்டாள். "பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்க" என்றாள். நாத்தனார்கூட அன்று கேலி செய்யவில்லை.

முப்பத்திரண்டாவது வாரத்தில் அதே அறை, அதே குளிர்ந்த பசை. டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே ஒரே இடத்தை மூன்று முறை அளந்தார். தலை, வயிறு, தொடை எலும்பு. பிறகு பழைய தாளை எடுத்துப் பார்த்தார்.

"தேதி சரியாத் தெரியுமா உங்களுக்கு?"

"ஏழு வருஷமாத் தேதி எண்ணினவ டாக்டர். எப்படித் தப்பும்?"

"அப்போ குழந்தை நாலு வாரம் பின்தங்கியிருக்கு. முப்பத்திரண்டுல இருபத்தெட்டு வாரக் குழந்தை மாதிரி இருக்கு. வயிறு ரொம்பச் சின்னது."

புருஷன் கதவோரம் நின்றிருந்தவன் கிட்டே வந்து அவள் கையைப் பிடித்தான். டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்த அழுத்தம் சரி. சர்க்கரை சரி. ரத்த ஓட்டம் பரவாயில்லை. வீட்டில் யாரும் புகைப்பதில்லை. கடைசியாக, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இந்தக் கேள்விக்குத்தானே ஏழு மாதமாகத் தயாராக இருக்கிறாள். கைப்பையிலிருந்து சத்துப்பொடிச் சான்றிதழின் நகலையே எடுத்து நீட்டினாள்.

"பரிசோதனை ஆகாத எதையும் நான் தொடுறதில்ல டாக்டர்."

டாக்டரம்மா தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். மறுபடி முன்பக்கம்.

"கடலை, சோளம். பூஞ்சை நஞ்சு, 'இல்லை'. எத்தனைக்குக் கீழே இல்லை?"

"புரியலை டாக்டர்."

"ஒரு மெஷின் எவ்வளவு இருந்தாக் கண்டுபிடிக்கும்னு ஒரு எல்லை இருக்கும். அதைப் போடாம 'இல்லை'ன்னா என்ன அர்த்தம்? எந்த மெஷினும் இல்லைன்னு சொல்லாது. எனக்குத் தெரியலைன்னுதான் சொல்லும். எந்த அரைகுறை இதை எழுதினது?"



"நான்தான்" என்றாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி அவளை முதல் முறையாக நேராகப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த நஞ்சு தாய் சாப்பிட்டா நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. உங்களுக்கு இதனாலதான்னு நான் சொல்லமாட்டேன். இதனால இல்லைன்னும் சொல்லமாட்டேன். அந்தப் பொடியை இன்னிக்கே நிறுத்துங்க."

"போன ஸ்கேன்ல குறை இல்லைன்னு நீங்கதானே டாக்டர் எழுதினீங்க?"

"நான் என்ன எழுதினேன்? எடுத்துப் படிங்க."

அவள் படிக்கவில்லை. படிக்காமலே தெரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புருஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அப்பவே சொன்னேனே என்று அவன் ஒரு தடவை சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. சொன்னால் பதிலுக்குச் சண்டை போடலாம், சண்டையில் அழலாம். அவன் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாதி டின்னையும் திறக்காத ஒரு டின்னையும் தனியாக எடுத்து வைத்தான். மிச்சத்தைப் பிளாஸ்டிக் பையில் கொட்டி இறுக்கி முடிச்சுப் போட்டான். குப்பை பொறுக்குகிறவர்கள் யாராவது எடுத்துக் குடித்துவிடக் கூடாதென்று, ஒரு அட்டையில் 'எடுக்காதிங்க, கெட்டது' என்று கோணல் எழுத்தில் எழுதிக் கட்டினான். 'எடுக்காதீங்க' என்பதைக்கூடப் பிழையில்லாமல் எழுத வராத அளவு படிப்புதான் அவனுக்கு. ஆனால் அந்த அட்டையில் எழுதியிருந்தது உண்மை. இரண்டு வருஷமாகப் பிழையில்லாத எழுத்தில் அவள் அச்சடித்ததற்கு அந்த யோக்கியதை இல்லை.

மறுநாள் அவள் நேராகக் கண்ணாடிக் கூண்டுக்குப் போனாள்.

"அண்ணே, நோட்டைக் காட்டுங்க."

மெஷின் அண்ணன் தயங்கினார். பிறகு இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்து, சத்துப்பொடியின் பக்கத்தைப் புரட்டி வைத்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. தேதி, எண், 'கண்டறியப்படவில்லை'. அதன் பக்கத்தில் பென்சிலால், கண்ணை இடுக்கினால் மட்டுமே தெரிகிற எழுத்தில், 'கண்டறியும் எல்லை: கிலோவுக்கு இருபது மைக்ரோகிராம்'.

"அனுமதிச்ச அளவே பத்துதானே அண்ணே?"

"பத்துதான்."

"அப்போ இருபது வரைக்கும் இருந்தாலும் நமக்குத் தெரியாதா?"

"விளக்கு மங்கிப்போச்சும்மா. முன்னாடி ஒண்ணு இருந்தாக்கூடக் காட்டும். இப்போ இருபதைத் தாண்டினாத்தான் அதுக்குக் கண்ணு தெரியுது. புது விளக்கு வேணும்னு மூணு தடவை எழுதிக் குடுத்துட்டேன். எரியுதுல்லன்னு கேட்டாரு. எரியத்தான் செய்யுது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நோட்டுல எழுதியிருந்தேனே" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. அந்த வருத்தத்தைக் கண்டதும் அவளுக்கு அவரை ஒரு அறை அறையலாம் போல இருந்தது. அடுத்த கணமே, அந்த நோட்டைத் தினமும் விரித்து வைத்துக்கொண்டு அச்சடித்தவள் யார் என்று நினைத்துப் பார்த்தாள். ஊரார் வாங்கும் பொட்டலத்திலெல்லாம் எறும்பு எழுத்தைத் தேடிப் படித்தவள், தன் மேஜையில் கிடந்த பென்சில் எழுத்தை ஒரு நாளும் படிக்கவில்லை.

மெஷின் அண்ணனோடு படித்தவர் ஒருவர் வேறு ஊரில் ஒரு கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தார். இரண்டு டின்னிலிருந்தும் மாதிரி அங்கே போனது. ஐந்தாம் நாள் பதில் வந்தது. ஒன்றில் பதினான்கு. மற்றதில் பதினாறு. இவள் கூடத்து மெஷினுக்கு இருபதுக்குக் கீழே கண் தெரியாது, சட்டம் பத்துக்கு மேல் விடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இருட்டில்தான் ஐந்து மாதம் காலையும் மாலையும் அவள் பால் கலக்கிக் குடித்திருந்தாள்.

தாளோடு மேலாளர் அறைக்குப் போனாள். ஓடுதுல்ல முழுவதும் படித்தார். பதறவில்லை.

"இதுல நம்ம தப்பு எங்கம்மா இருக்கு? மெஷின்ல தெரியலை. தெரியலைன்னு நோட்டுல இருக்கு. இல்லைன்னு நாம போட்டோம்."

"தெரியாததை எப்படி சார் இல்லைன்னு போடலாம்?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடிக் கதவு வழியாக அவள் மேஜைக்கு மேலே இருந்த கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார். "அந்த வார்த்தையைக் குடுத்தது யாரும்மா? நானா? மூணே எழுத்து சார்னு சொன்னது யாரு?"

வாழ்க்கையில் அந்த மனிதர் சொன்ன ஒரே சரியான விஷயம் அது.

"விட்டுடும்மா. பிள்ளைத்தாய்ச்சி, மனசைப் போட்டு அலட்டிக்காத. அந்தக் கம்பெனியோட அடுத்த சரக்கு வந்திருக்கு. தாளை அடிச்சு வை. சாயங்காலம் ஆள் வருவான்."

அவள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். புதுச் சரக்கின் படிவத்தைத் திறந்தாள். கட்டம் அதே ஒன்றரை விரல் அகலத்தில் காத்திருந்தது. மூடியில் சிரிக்கும் அந்தத் தாயை நம்பி இன்னும் எத்தனை பேர் பாலைச் சுடவைத்துக்கொண்டிருப்பார்கள்? அவர்களும் தாளைப் படிக்கிறவர்களாகத்தான் இருப்பார்கள். மூக்கை நம்பாதே, தாளை நம்பு என்று புருஷனை அடக்குகிறவர்களாகத்தான் இருப்பார்கள். அவள் எழுதியதை நம்பி. வயிற்றுக்குள் குழந்தை ஒரு முறை அசைந்தது. நான்கு வாரம் சின்னக் கால்.

அவள் அந்தப் படிவத்தை மூடினாள். வேறொரு கடிதத்தை அடித்தாள். இரண்டு வருஷத்தில் சான்றிதழ் வாங்கிய கம்பெனிகள் இருநூற்றுப் பதினேழு. அத்தனை முகவரிக்கும், உணவு அதிகாரியின் அலுவலகத்துக்கும், ஒரே கடிதம். 'எங்கள் சான்றிதழ்களில் நஞ்சு என்ற கட்டத்தில் "இல்லை" என்று உள்ள இடங்களில் எல்லாம் "எங்களுக்குத் தெரியவில்லை" என்று மாற்றி வாசித்துக்கொள்ளவும். எங்கள் மெஷினுக்கு இருபதுக்குக் கீழே தெரியாது. அனுமதித்த அளவு பத்து. தவறான சொல்லைப் போட்டது நான்.' சத்துப்பொடி பற்றிய கல்லூரி அறிக்கையையும் கூட இணைத்தாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தாள். அனுப்பினாள்.

பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்புதான் வரும். ஓடுதுல்ல அன்று நிஜமாகவே ஓடினார். மாடிக்கும் கீழுக்குமாக, காதில் ஒரு போன், கையில் ஒரு போன். "வயித்துப் பிள்ளைக்காரின்னு பாக்குறேன், இல்லைன்னா நடக்கிறதே வேற" என்று கத்தி, நாளையிலிருந்து லீவு, திரும்பி வருவதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார். மூன்று விண்ணப்பத்துக்கு வராத விளக்கு மூன்றே நாளில் வந்து சேர்ந்தது. சத்துப்பொடிக் கம்பெனி கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் மற்றக் கம்பெனிகளில் பாதிப் பேர், இந்தக் கூடம் குழப்பம் பிடித்தது என்று முடிவு கட்டி, அடுத்த தெருவில் ஒரு கூடத்துக்கு மாறிக்கொண்டார்கள். அங்கே கேட்காமலேயே 'இல்லை' என்று போட்டுத் தருகிறார்களாம். கொட்டை எழுத்தில்.

அவள் கடிகாரத்தைக் கழற்றி மெஷின் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் படி இறங்கினாள்.

அடுத்த நான்கு வாரமும் புருஷன் தானே கடைக்குப் போய், தானே முகர்ந்து, தானே பொறுக்கிச் சமைத்துப் போட்டான். அவள் பேசாமல் சாப்பிட்டாள். பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து காலை அமுக்கிவிட்டாள். சான்றிதழ் என்ற பெயரை அந்த வீட்டில் யாரும் அதன் பிறகு சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

முப்பத்தேழாவது வாரத்தில், இனி உள்ளே வளராது, வெளியே எடுத்து வளர்க்கலாம் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். பெண் குழந்தை. அழுதது, ஆனால் பூனைக்குட்டிச் சத்தம்தான் வந்தது. எடைத் தட்டில் வைத்தபோது முள் இரண்டு கிலோவைத் தொடவில்லை. ஒன்று தொள்ளாயிரம். பிழைத்துக்கொள்ளும், கொஞ்ச நாள் சூட்டுப்பெட்டியில் இருக்கட்டும் என்றார்கள். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே சொல்ல, கட்டிலோரம் நின்று நர்ஸ் படிவத்தை நிரப்பினாள்.

"எடை ஒண்ணு தொள்ளாயிரம். எடைக்குறைவு. காரணம், கண்டறியப்படவில்லை."

அவள் படுத்திருந்தாள். உடம்பில் ஒரு துளித் தெம்பு இல்லை. ஆனால் இத்தனை வருஷத் தொழில், தலைகீழாக இருக்கும் தாளைக்கூட அவள் கண் படித்துவிடும். நர்ஸின் பேனா சின்னக் கட்டத்துக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு, 'இல்லை' என்று எழுதியது.

காரணம்: இல்லை.

"அதை அடிங்க" என்றாள் அவள்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா?"

"காரணம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. டாக்டர் அப்படிச் சொல்லலை."

"கட்டம் சின்னதும்மா. எல்லாருக்கும் இப்படித்தான் போடுறது. ரெண்டும் ஒண்ணுதானே?"

அவள் முழங்கையை ஊன்றி எழுந்தாள். தையல் இழுத்தது. புருஷன் பதறி ஓடிவந்து தாங்கினான். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த ஆயாவும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணு இல்லை" என்றாள். "காரணம் இருக்கு. அது உங்களுக்குத் தெரியலை. எனக்கும் முழுசாத் தெரியலை. தெரியலைன்னே எழுதுங்க. இல்லைன்னு எழுதினா நாளைக்கு இதைப் படிக்கிறவ, தேடவே மாட்டா."

நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா ஈரக் கையைத் துடைத்தபடி, "அவங்க சொல்றபடியே எழுதும்மா" என்றார்.

நர்ஸ் பெருமூச்சு விட்டு, எழுதியதை அடித்தாள். பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். 'கண்டறியப்பட' என்பதோடு கட்டம் முடிந்துவிட்டது. பேனாவைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மிச்சத்தை எங்கம்மா எழுத?"

"கீழே எழுதுங்க. கோட்டுக்கு வெளியே போனாப் போகட்டும்."

நர்ஸ் எழுதினாள். கடைசி 'லை' முடியும்வரை அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகுதான், பெட்டிக்குக் கொண்டுபோகும் முன் பிள்ளையை ஒரு தடவை கையில் தரச் சொல்லிக் கேட்டாள்.